கிழங்குப்புல்

அந்தச் செடியின் அறிவியல் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. அது வளரும் பாறை எந்த ஊருக்கு மேலே இருக்கிறது என்றும் சொல்ல மாட்டேன். பச்சைமலையில், பெரம்பலூர்ப் பக்கத்துச் சரிவில் என்ற அளவுக்குப் போதும். அரிய செடி என்று தெரிந்தால் கிழங்கோடு பெயர்த்துக்கொண்டு போய்த் தொட்டியில் வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால்தான் இந்த மறைப்பு. மற்றதெல்லாம் நடந்தது நடந்தபடி.

நான் பெரம்பலூரில் ஓர் அரசுப் பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் ஆசிரியை. பிறந்த ஊர் குன்னம் பக்கம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் கையகல நிலம் கிடையாது. அம்மா இன்றைக்கும் களை எடுக்கப் போகிறாள். பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் எல்லாவற்றுக்கும் போவாள். வெங்காயக் களைக்குத்தான் அவளைத் தேடி வருவார்கள். வெங்காயத் தாள் விரல் நீளம் வளர்ந்து நிற்கும்போது கோரையும் அதே உயரத்தில், அதே பச்சையில் கூடவே நிற்கும். அவசரத்தில் கோரையோடு வெங்காயமும் கையோடு வந்துவிட்டால், வரப்பில் நிற்கிற நிலத்துக்காரர் பார்த்துவிடுவார். அன்றைக்குப் பூராவும் பேச்சுத்தான். சனி, ஞாயிறுகளில் நானும் அம்மாவோடு போவேன். பத்தாவது படிக்கும்போதே முழு ஆள் வேலை செய்வேன். பக்கத்தில் இருக்கிற பெண்ணோடு பேசிக்கொண்டே, கீழே பார்க்காமல், விரலில் உருட்டியே எது கோரை எது வெங்காயம் என்று பிரிக்கத் தெரியும். கோரைத் தண்டு மூன்று பட்டையாக இருக்கும், அவ்வளவுதான் சூட்சுமம்.

கல்லூரியில் தாவரவியலைத் தேர்ந்தெடுத்தேன் என்று சொன்னால் பொய். அரியலூர் அரசுக் கல்லூரியில் அந்த வருஷம் எனக்கு அந்தப் பிரிவில்தான் இடம் கிடைத்தது. ஆனால் ஆய்வுக்கூடத்தில் செடிகளைப் பரப்பி வைத்துக் குடும்பம் கண்டுபிடிக்கச் சொன்ன முதல் நாளே, எல்லாரும் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருக்க நான் எழுதி முடித்துவிட்டேன். பாதிச் செடிகள் நான் பிடுங்கி எறிந்த களைகள். எந்தக் களையைப் பற்றியும் எனக்கு ஒரு அபிப்பிராயம் இருந்தது.

கல்யாணமாகி, வேலை கிடைத்து, சில வருஷம் கழித்துத்தான் இந்தச் செடியைப் பார்த்தேன். என் வீட்டுக்காரர் அரியலூர்ப் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீசியன். அவரோடு வேலை பார்க்கிற ஒருவர் மலைமேல் ஊர்க்காரர். ஆடி மாதம் அவருடைய குலதெய்வத்துக்குக் கிடா வெட்டு என்று கூப்பிட்டிருந்தார். வண்டியை அடிவாரத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் விட்டுவிட்டு, ஜீப்பில் ஏறிப் போனோம். சாப்பாடு ஆக நேரமிருந்தது. கோயிலுக்குப் பின்னால் பெரிய பாறை சரிந்து போனது. மழை பெய்து ஓய்ந்திருந்தது. பாறை வெடிப்புகளில் மண் தங்கி, அங்கங்கே புல் முளைத்திருந்தது. சும்மா நடந்தேன்.

நடந்துகொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டேன். ஏன் நின்றேன் என்று முதலில் எனக்கே புரியவில்லை. குனிந்து பார்த்தேன். புல்லுக்கு நடுவே ஒரு புல், ஒரு சாண் உயரம். ஆனால் புல்லுக்கு இலை ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறி வரும். இதற்கு இரண்டு இரண்டாக எதிரெதிரே வந்திருந்தது. இது புல்லே இல்லை. மண்டியிட்டு உட்கார்ந்தேன். இலை தண்டோடு சேரும் கக்கத்தில் சுண்டுவிரல் நகத்தளவில் ஒரு பூ. கருஞ்சிவப்பு. ஐந்து இதழ்களும் நுனியில் ஒன்றோடொன்று ஒட்டி, சின்னக் கூண்டு போல இருந்தது. முகர்ந்து பார்த்தால் லேசாக ஊசிப்போன வாடை. ஈக்களை வரவழைக்கிற பூ என்று தெரிந்தது. குடும்பம் தெரிந்தது, பேரினம்கூட ஊகித்துவிட்டேன். என்ன இனம் என்று மட்டும் தெரியவில்லை. செல்போனில் படம் எடுத்தேன். கறிச்சோறு ஆறிப்போன பிறகுதான் போய் உட்கார்ந்தேன்.

திருச்சியில் ஒரு கல்லூரியில் பேராசிரியராக இருப்பவருக்குப் படங்களை அனுப்பினேன். உலர்த்தி ஒட்டிய பழைய செடிகளைப் பீரோ பீரோவாகப் பாதுகாக்கிற துறை அது. அவர் அன்றைக்கே கூப்பிட்டார். படத்தை வைத்துச் சொல்ல முடியாது, ஒரே ஒரு பூ வேண்டும், கிழங்கைத் தோண்டாதீர்கள், வனத்துறையில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கிக்கொண்டு போங்கள் என்றார். அனுமதி வந்து நான் போனபோது பூ எல்லாம் உதிர்ந்து, இலையும் பழுத்துப் படுத்துவிட்டது. இந்தச் செடி வருஷத்தில் பாதியைக் கிழங்காக மண்ணுக்குள்ளேயே கழித்துவிடும். அடுத்த ஆடி வரைக்கும் காத்திருந்தேன்.

அடுத்த வருஷம் ஒரு சின்னச் சீசாவில், பூ கெடாமல் இருக்கச் சாராயத் திரவம் ஊற்றி எடுத்துப்போய் ஒரு பூவை மட்டும் போட்டுக்கொண்டு, மறுநாளே திருச்சிக்குப் பஸ் ஏறினேன். பேராசிரியர் பூவை உருப்பெருக்கியில் வைத்துப் பிரித்தார். உள்ளே போய் ஒரு பழைய அட்டையை எடுத்து வந்தார். பழுப்பேறிய தாளில் என் செடி, காய்ந்து, தட்டையாக. வெள்ளைக்காரர் காலத்தில் எடுத்தது. அதற்குப் பிறகு யாரும் பார்த்ததாக எழுத்தில் இல்லை. உலகத்தில் எந்தெந்த உயிர் எவ்வளவு ஆபத்தில் இருக்கிறது என்று போடுகிற பட்டியலில் இதற்கு நேரே 'தரவுகள் போதாது' என்று போட்டிருந்தது. அதாவது, இருக்கிறதா செத்ததா என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

அவர் சந்தோஷப்பட்டார். ஆனால் மூன்று முறை ஒரே கேள்வியைக் கேட்டார். யாரோடு போனீர்கள், யார் இதை உங்களுக்குக் காட்டியது? நான் ஏதோ ஒரு ஆராய்ச்சிக் குழுவோடு போய் அவர்கள் கண்டுபிடித்ததைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன் என்று சந்தேகப்பட்டாரோ என்னவோ. பள்ளிக்கூட டீச்சர், கிடா வெட்டுக்குப் போன இடத்தில், புல்லுக்குள் இருந்து இதைப் பிரித்துப் பார்த்தாள் என்பது அவருக்கு நம்பும்படியாக இல்லை.

"யாரும் காட்டல சார். நான்தான் பார்த்தேன்" என்றேன்.

அதற்கு மேல் விளக்கவில்லை. விளக்க வேண்டுமானால் குன்னம், வெங்காயம், அம்மா என்று ஆரம்பிக்க வேண்டும். அன்றைக்கு அதையெல்லாம் சொல்ல மனசு வரவில்லை. எனக்கு ரோஷமும் இருந்தது.

பட்டியலில் இதன் நிலையை மாற்ற வேண்டுமென்றால் வெறும் பூ போதாது. எத்தனை செடி, எத்தனை இடத்தில், பூக்கிற வயதில் எத்தனை, என்ன ஆபத்து என்று எல்லாம் எழுதி நிரப்ப வேண்டும். எண்ணுவது என் வேலை என்று ஆனது. ஆடியிலும் ஆவணியிலும் சனி, ஞாயிறு பூராவும் மலையில் இருந்தேன். வீட்டுக்காரர் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கயிற்றை நீட்டிப் பாறையைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியாக உட்கார்ந்து எண்ணுவேன். அவர் எரிச்சல்படாமல் வந்தார். ஒருநாள் மட்டும், கரண்ட்டு வேலையில் கம்பத்தில் ஏறினால்கூட இப்படி முழங்கால் வலிக்காது என்று சொன்னார்.

இரண்டு வருஷம் எண்ணினோம். பக்கத்துப் பாறைகள், எதிர்ச் சரிவு என்று தேடியலைந்தோம். வேறு எங்கும் இல்லை. அந்த ஒரு பாறையில், பூத்து நின்ற செடிகள் என் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளைவிடக் குறைவு. வருகைப் பதிவேட்டில் பெயர் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும். கடைசிப் பெயருக்கு முன்னாலேயே செடிகள் தீர்ந்துவிடும்.

மூன்றாவது வருஷம்தான் மலைக்கார அக்கா ஒருவர் எங்களிடம் பேசினார். பாறையை ஒட்டி அவருக்கு மரவள்ளிக்காடு. வீட்டுக்காரர் இறந்த பிறகு தனியாகவே பயிர் வைக்கிறவர். இரண்டு வருஷமாக ஒரு பொம்பளை பாறையில் உட்கார்ந்து புல்லை எண்ணுகிறாளே என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். அன்றைக்கு நேரே வந்து என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டார். நான் செடியைக் காட்டி, இது உலகத்திலேயே இங்கே மட்டும்தான் இருக்கிறது, யாரும் பார்க்காமல் இருந்ததை நான்தான் கண்டுபிடித்தேன் என்று கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன்.

அவர் குனிந்து பார்த்துவிட்டு, "இது கிழங்குப்புல்லு டீச்சர். சின்னப் பிள்ளையில தோண்டித் தோண்டித் தின்போம். என் காட்டு ஓரத்திலயும் கெடக்கு, வாங்க" என்றார்.

யாரும் பார்க்காதது என்று பெருமை பேசிவிட்டு அவர் பின்னால் நடந்தேன். போய்ப் பார்த்தேன். பாறைக்கும் மரவள்ளிக்கும் நடுவில் ஒரு துண்டு மேடு. புல்லும் பூண்டும் மண்டிக் கிடந்தது. அதற்குள்ளே அங்கங்கே, கூண்டுப் பூவோடு, நிற்கிறது. பாறையில் இருப்பதைவிடச் செழிப்பு. நான் இரண்டு வருஷமாக மேட்டுக்கு இந்தப் பக்கமே எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

ஆனால் அந்த மேட்டை அடுத்த வாரம் அவர் சுத்தம் செய்யப் போகிறாராம். களைக்கொல்லி வாங்கி வைத்தாயிற்று, கைத்தெளிப்பானுக்கும் சொல்லியாயிற்று. மேட்டில் இருக்கிற களை விதை காட்டுக்குள் விழுந்து மரவள்ளியை அமுக்குகிறது. ஆள் வைத்துக் களை எடுக்க மலையில் ஆள் கிடைப்பதில்லை. எல்லாரும் கீழே வேலைக்கு இறங்கிவிடுகிறார்கள். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை.

தெளிக்காதீர்கள் என்று கேட்க எனக்கு என்ன உரிமை? அந்த மேட்டுக்கு அவர்தான் பட்டாக்காரர். இதை விட்டுவைத்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்று அவர் நேராகவே கேட்டார். ஒன்றும் கிடைக்காது அக்கா, கவர்மெண்ட்டிலிருந்தும் ஒன்றும் வராது என்று நானும் நேராகவே சொன்னேன். பிறகு கேட்டேன், களைதானே உங்களுக்குப் பிரச்சினை, களையை நான் எடுத்துக் கொடுக்கிறேன், தெளிக்காமல் விடுகிறீர்களா?

"டீச்சருக்குக் களை எடுக்கத் தெரியுமா?"

சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்தேன். ஒரு முழம் அகலத்துக்கு எடுத்து முடிக்கும்வரை அவர் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு அவரும் பக்கத்தில் உட்கார்ந்தார். தெளிப்பதில்லை என்று ஒருநாளும் வாயால் சொல்லவில்லை. மருந்து டப்பாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகப் பிறகு தெரிந்தது.

அந்த மேடு இரண்டு பேர் முடிக்கிற அளவு இல்லை. வீட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குப் போன் போட்டேன். மலையில் களை எடுக்க வேண்டும், ஒரு செடியை மட்டும் விட்டுவிட்டு மற்றதை எடுக்க வேண்டும், அந்தச் செடி புல்லு மாதிரியே இருக்கும் என்றேன். எத்தனை ஆள் வேண்டும் என்று மட்டும் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கு அவளும் அவள் கூட்டத்து ஆள்கள் நாலு பேரும் பெரம்பலூரில் வந்து இறங்கிவிட்டார்கள். தூக்குச்சட்டியில் சோறு, கையில் களைக்கொத்து. மலைக்குப் போவது அவர்கள் எல்லாருக்கும் அதுதான் முதல் தடவை. ஜீப் திரும்புகிற ஒவ்வொரு வளைவிலும் ஒருத்தி மடியில் ஒருத்தி சாய்ந்து சிரித்துக்கொண்டே வந்தார்கள்.

அதே ஞாயிறு பேராசிரியரும் இடத்தை நேரில் பார்த்து உறுதி செய்ய வருகிறார் என்பது எனக்குத் தெரியும். முதலில் களை முடிந்துவிடும், அவர் மத்தியானம்தான் வருவார் என்று நினைத்திருந்தேன். அவர் பத்து மணிக்கே வந்துவிட்டார். மேடேறி வந்தவர் கண்ட காட்சி, ஐந்து பெண்கள் வரிசையாக உட்கார்ந்து, வெள்ளைக்காரர் காலத்துக்குப் பிறகு கண்டெடுத்த செடி இருக்கிற இடத்தில், வேகவேகமாகப் பிடுங்கிப் பிடுங்கிப் பின்னால் எறிந்துகொண்டிருக்கிறார்கள். அவருக்கு முகம் வெளுத்துவிட்டது. நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். நான் நிறுத்தச் சொன்னேன். அம்மா கொத்தைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

அவர் நேரே போய்க் களைக்குவியலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பிடுங்கிப் போட்டதை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து இந்தப் பக்கம் வைத்தார். புல், கோரை, பூண்டு, மறுபடி புல். குவியல் பெரிது. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும். நாங்கள் எல்லாரும் நின்றுகொண்டிருந்தோம். ஒரே ஒரு செடி, தெரியாத்தனமாக, அவர் கையில் கிடைத்துவிட்டால் போதும். இத்தனை வருஷ வேலையும் என் முட்டாள்தனத்தில் போய் முடிந்ததாகிவிடும். அம்மாவைப் பார்த்தேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

கடைசிப் பிடியையும் பார்த்து முடித்தார். ஒன்றுகூட இல்லை.

அவர் எழுந்து, எடுத்த பகுதியில் நிற்கிற செடிகளைக் குனிந்து பார்த்துக்கொண்டே போனார். ஓரிடத்தில் நின்று என்னைக் கூப்பிட்டார். சுத்தமான மண்ணில் ஊசி மாதிரி இரண்டு இலை. இன்னும் பூக்காத குஞ்சுச் செடி. பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஒரு நாலைந்து. புல்லுக்குள் மறைந்து கிடந்ததை நானும் பார்க்கவில்லை, அவரும் பார்த்திருக்க முடியாது. இதையெல்லாம் யார் விட்டுவைத்தது என்று கேட்டார். அந்த இடத்தில் களை எடுத்த அம்மாவைக் காட்டினேன்.

"அது எப்பிடிம்மா தெரிஞ்சுது?" என்று அம்மாவிடமே கேட்டார்.

"எல எதுத்தாப்புல வந்துருக்குங்க. மத்ததுக்கு அப்பிடி இல்லையே" என்றாள் அம்மா. எதிரெதிர் இலை என்று நான் அவளிடம் சொல்லவே இல்லை. பூ இருக்கிற செடியைக் காட்டி, இதை விட்டுடுங்க என்றுதான் சொல்லியிருந்தேன்.

பேராசிரியர் அந்தக் குஞ்சுச் செடியை இன்னொரு முறை குனிந்து பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "அன்னைக்கு உங்ககிட்ட, யார் காட்டினாங்கன்னு மூணு தடவ கேட்டேன். நான் அப்பிடிக் கேட்டிருக்கக் கூடாது" என்றார். அம்மா முன்னால், அந்த அக்கா முன்னால், எல்லார் முன்னாலும் சொன்னார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. பையில் தண்ணீர் பாட்டில் தேடுவது போல் குனிந்துகொண்டேன்.

அவர் நோட்டை எடுத்து ஐந்து பெண்களின் பெயரையும், நிலத்துக்கார அக்காவின் பெயரையும், என் வீட்டுக்காரர் பெயரையும் தலைப்பெழுத்தோடு கேட்டு எழுதிக்கொண்டார். எதற்கு என்று தெரியாமல், நூறு நாள் வேலைக்கு எழுதிக்கொள்கிற மாதிரி நினைத்து அம்மா அட்டை நம்பரும் வேணுமா என்று கேட்டாள்.

விண்ணப்பம் போய், யார் யாரோ சரிபார்த்து, கேள்வி கேட்டு, பதில் எழுதி, வெளிவர நாளானது. வந்த நாளில் பேராசிரியர் போனில் அனுப்பினார். தரவுகள் போதாது என்பது போய், 'மிக அருகிய இனம்' என்று மாறியிருந்தது. முழுசாக அழிவதற்கு முந்தின படிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதன் கீழே, களத் தரவு கொடுத்து உதவியவர்கள் என்று என் பெயர். அதற்கு அடுத்து அம்மாவின் பெயர், அச்சில், தலைப்பெழுத்தோடு. அவள் கூட்டத்து நாலு பேர், நிலத்துக்கார அக்கா, என் வீட்டுக்காரர்.

அன்று சாயங்காலமே லட்டு வாங்கிக்கொண்டு குன்னம் போனேன். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, தன் பெயரை மட்டும் கையெழுத்துப் போடத் தெரியும். எழுத்து இங்கிலீஷில் இருந்ததால் அதையும் அவளால் அடையாளம் காண முடியவில்லை. விரலை வைத்துக் காட்டினேன். மிக அருகிய இனம் என்றால் என்ன என்று கேட்டாள். சொன்னேன்.

"அப்ப அழியப் போவுதுன்னு போட்டுருக்காங்க. அதுக்கா பாப்பா லட்டு?"

சிரிப்பு வந்தது. ஆனால் கேள்வி நியாயமானது. சொல்லிப் பார்த்தேன். இதுவரை இது இருக்கிறது என்றே யாருக்கும் தெரியாது. இல்லாததை யாரும் காப்பாற்ற வர மாட்டார்கள். இப்போது அந்தப் பாறையில் ரோடு போடுவதாக இருந்தாலும், கல் உடைப்பதாக இருந்தாலும், இந்தத் தாளை எடுத்து முன்னால் வைக்கலாம். அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு லட்டை எடுத்துக்கொண்டு தெருவில் தன் கூட்டத்து ஆள்கள் வீட்டுக்குப் போனாள். திரும்பி வர ரொம்ப நேரம் ஆயிற்று. என்ன சொன்னாய் என்று கேட்டேன். நாம போயி களை எடுத்தமே, அது உலகத்துப் புத்தகத்துல ஏறிடுச்சாம், நம்ம பேரும் ஏறிடுச்சாம்னு சொன்னேன் என்றாள்.

எனக்குப் பள்ளியில் பிரார்த்தனைக் கூட்டத்தில் கைதட்டினார்கள். தலைமையாசிரியை சால்வை போட்டார். அதெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனாலும் இத்தனை வருஷ வாத்தியார் வேலையில் எந்தச் சால்வையும், அந்தப் பட்டியலில் அம்மா பெயர் என் பெயருக்கு அடுத்து நிற்பதற்கு ஈடில்லை. எங்கள் தெருவிலிருந்து போய் மற்றவர் நிலத்தில் குனிந்த பெண்கள் அவர்கள். அவர்கள் பெயரை யாரும் எதிலும் எழுதி வைத்ததாக எனக்குத் தெரிந்து இல்லை.

வனத்துறையில் பாறைக்குப் பக்கத்தில் பலகை வைக்கட்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தேன். பலகை வைத்தால் தோண்டுகிறவனுக்கு வழி காட்டின மாதிரி ஆகிவிடும். பதிலாக நிலத்துக்கார அக்காவே மேட்டைச் சுற்றி முழங்கால் உயரத்துக்குக் கல் அடுக்கிவிட்டார். ஆடு ஏறாமல் இருக்க, அவ்வளவுதான் என்று எல்லாரிடமும் சொல்கிறாராம். மலைப் பிள்ளைகளிடம், தோண்டினால் வயிற்றுவலி வரும் என்று ஒரு புளுகும் விட்டிருக்கிறார்.

இந்த வருஷம் ஆடி பிறந்து இரண்டாம் வாரம், பள்ளியில் இருக்கும்போது அவர் போன் வந்தது. "பூத்துடுச்சு டீச்சர். நான் எண்ணிட்டேன். நீங்க வந்து ஒருவாட்டி சரி பாருங்க" என்றார்.

சனிக்கிழமை போனேன். ஒரு பிஸ்கட் டப்பாவில் புளியங்கொட்டை போட்டு வைத்திருந்தார். பூத்த செடிக்கு ஒன்று வீதம். பூக்காத குஞ்சுக்குத் தனியாக ஒரு கிண்ணத்தில் வேப்பங்கொட்டை. நான் கயிற்றைக் கட்டி, பாத்தி பிரித்து, காலையிலிருந்து மத்தியானம் வரை பாறையையும் மேட்டையும் எண்ணினேன். என் கணக்கில் அவருடையதைவிட இரண்டு குறைந்தது. அவர் எழுந்து முன்னால் நடந்தார். பாறையின் கீழ் விளிம்பில், நான் கயிறு போட்டதற்குக் கொஞ்சம் வெளியே, ஒரு வெடிப்புக்குள் இரண்டும் பூத்து நின்றன.

நோட்டில் என் எண்ணை அடித்துவிட்டு அவர் எண்ணை எழுதினேன்.